நாலாவது சீட்

ஆறு நாற்பத்திரண்டு, கல்யாண் ஃபாஸ்ட்.
பெண்கள் பெட்டி, ஜன்னலோரம்.
நிலோஃபரின் கைப்பைமேல் பலகை விரிகிறது.
தானே வருவதற்குள் முடித்தாக வேண்டும்,
அங்கே அவள் இறங்கிவிடுவாள்.
வேறு கடிகாரம் எங்களுக்குக் கிடையாது.

முதல் மூன்றும் நல்ல பிள்ளை நகர்த்தல்கள்.
சிப்பாய்க்குச் சிப்பாய், குதிரைக்குக் குதிரை.
நான்கு குதிரைகளும் வெளியே வந்து
ஒன்றையொன்று முகர்ந்துகொண்டு நிற்கும்.
நாலாவதில்
என் குதிரையைத் தூக்கி
நடுவில் நிற்கும் அவள் சிப்பாயை அடிப்பேன்.
காவல் இருக்கிறது, தெரிந்தேதான்.
ஒரு சிப்பாய்க்கு ஒரு முழுக் குதிரை!
சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்.

பகல் முழுக்க ஃபோர்ட்டில்
காப்பீட்டு அலுவலகத்தின் இரண்டாம் மாடியில்
பிறத்தியார் ஆபத்தை எடைபோடுகிறேன்.
புகைப்பாரா,
அப்பாவுக்குச் சர்க்கரை உண்டா,
மூன்று வருடத்தில் நான்கு முகவரி ஏன்?
சந்தேகம் வந்தால் ஊதா முத்திரை.
என் விண்ணப்பம் என் மேசைக்கே வந்தால்
இரண்டு முறை குத்துவேன்.

வீரத்தில் தொடங்கியதல்ல இது.
போன மழைக்காலம், பைகுல்லா தாண்டும்போது
யாருடைய குடையோ தட்டி
வெள்ளைக் குதிரை ஒன்று
கதவு வழியே போய்விட்டது.
அதன் இடத்தில் என் குர்தாவின் கழுத்துப் பொத்தான்.
பொத்தானுக்குக் காந்தம் ஏது?
ஒவ்வொரு பிரேக்குக்கும் ஒரு கட்டம் வழுக்கும்.
"இது குதிரை நடையே இல்லை" என்பாள் நிலோஃபர்.
ஒருநாள் எரிச்சலில் கொடுத்துத் தொலைத்தேன்.
பொத்தானுக்காக யார் அழப்போகிறார்கள்.

பிறகு என் சிப்பாய் ஒன்று இரண்டு கட்டம் பாய்ந்தது,
அவள் குதிரை ஓரத்துக்கு ஒதுங்கியது.
பக்கத்துச் சிப்பாய் ஓர் எட்டு வைத்தது,
அவளுடைய அடுத்த குதிரை
புறப்பட்ட லாயத்துக்கே திரும்பியது.
தாதரில் ஏறும் பூக்கூடைக்காரிகளாட்டம்
இரண்டு காலாட்கள்
நடுப்பலகையில் இடித்துக்கொண்டு நிற்க,
மூன்று பேர் சீட்டில் நாலாவதாய்
பாதி உடம்பு காற்றில் இருக்க உட்கார்ந்து
பட்டாணி உரித்துக்கொண்டிருந்த சவிதா காம்ப்ளே
சிரித்த சிரிப்பில்
நாலைந்து பட்டாணி உருண்டோடின.
அன்றைக்கு நான் ஜெயித்தேன்.
அதற்கப்புறம் அதிகம் ஜெயிக்கவில்லை.
விடவும் இல்லை.

நிலோஃபர் லேசில் விடுகிறவள் இல்லை.
ஒரு ஞாயிறு முழுக்கக் கைபேசியில் குடைந்துவிட்டு
திங்களன்று சொன்னாள்,
அவள் வேலை பார்க்கும் கண்ணாடிக் கடையில்
பவர் சொல்கிற அதே குரலில்:
"மைனஸ் ஒன்றரை."
"தெரியும்."
"தெரிந்துமா?"
"போனால் போகிறது, பொத்தான்."

இன்று புதுச் செட்டோடு வந்திருக்கிறாள்,
கிராஃபோர்டு மார்க்கெட்டில் பேரம் பேசி வாங்கியது.
நான்கு குதிரைகளுக்கும் பிடரி உண்டு,
அடியில் காந்தம் உண்டு.
பலகையைக் கவிழ்த்துக் காட்டினாள்,
ஒன்றுகூட விழவில்லை.
"இனி உனக்குச் சாக்கு இல்லை."

நாலாவது நகர்த்தல்.
குதிரையை எடுத்தேன். கனமாக இருந்தது.
காதுகள்கூடச் செதுக்கியிருந்தார்கள்.
குர்லா வந்து, போயிற்று.
சவிதா தாயி உரிப்பதை நிறுத்திவிட்டாள்.
பத்திரமான கட்டங்கள் மூன்று இருந்தன,
மூன்றையும் பார்த்தேன்,
ஊதா முத்திரைக்காரி பார்ப்பதுபோலப் பார்த்தேன்.

அடித்தேன்.

நிலோஃபர் நகத்தைக் கடிக்கவில்லை.
படித்து வந்திருந்தாள்.
ஒரு குதிரையைச் சரியான நேரத்தில் திருப்பிக் கொடுத்து
என் காலாட்களை ஒவ்வொருவராக இறக்கினாள்.
காட்கோபர் தாண்டியதும் ராணி போயிற்று.
முலுண்ட் விளக்குகள் ஓடும்போது ராஜாவைச் சாய்த்தேன்.

மூன்று மொழியில் அறிவிக்கிறது ஒலிபெருக்கி.
என் தமிழ்க் காதில் மட்டும்
அது எப்போதும் ஒரு வாக்கியத்தின் வால்:
தோற்றது நீ
தானே.
ஒரு குதிரை
தானே.

கூட்டத்தில் பிதுங்கி இறங்கியவள்
ஜன்னல் கம்பியைத் தட்டி, "நாளைக்கும் அதேவா?" என்றாள்.
வண்டி நகர்ந்துவிட்டது.
டோம்பிவிலி வரை காற்று
குர்தா கழுத்தின் அந்தப் பொத்தான் இடத்தில்
நுழைந்துகொண்டே இருந்தது.